சின்னம் யாருக்குச் சொந்தம்?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

நாட்டுக்குக் கொடி உண்டு. அரசுக்கு முத்திரை உண்டு. மறைமாவட்டத்துக்கும் துறவற சபைக்கும் தனித்தனி இலச்சினை உண்டு. நாம் அணிந்திருக்கும் பேட்ஜைப் பார்த்தே, "இது இன்ன பள்ளிப் பிள்ளை" என்று பேருந்து நடத்துநர்கூடச் சொல்லிவிடுகிறார். இவை ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. அவர் அனுமதியின்றி அதை வேறொருவர் பயன்படுத்த முடியாது. ஆனால் பலர் சேர்ந்து ஆக்கி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்ட ஒரு பொருளுக்குச் சின்னம் வரைய வேண்டுமென்றால் அதை யார் வரைவது? யார் தேர்ந்தெடுப்பது? வரைந்தபின் அது யாருக்குச் சொந்தம்?

இது நமக்குத் தொடர்பில்லாத கேள்வி அன்று. நம் பள்ளிக் கணினி மன்றத்தைச் சேர்ந்த அக்காமார்களும் தோழியரும் இவ்வாண்டு நூலகப் புத்தகங்களைப் பதிவு செய்ய ஒரு சிறு நிரலை எழுதி முடித்திருக்கிறார்கள். எந்தப் பள்ளியும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று அதைத் திறமூல நிரலாக வெளியிடவும் அனுமதி கிடைத்துவிட்டது. வெளியிடும் முன் அதற்குச் சின்னம் ஒன்று வேண்டும் என்று பேச்சு எழுந்தது. மூன்று யோசனைகள் வந்தன. நம் பள்ளிச் சின்னத்தையே வைத்துவிடலாம் என்பது ஒன்று. கணினியை விரும்பிய இளம் புனிதரான கார்லோ அக்குத்திஸின் படத்தை வைக்கலாம் என்பது இரண்டு. ஓவியப் போட்டி நடத்தி, முதற்பரிசு பெறும் படத்தை வைக்கலாம் என்பது மூன்று.

மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆயினும் மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை மரியாதையுடன் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோல நோட்டும் திறமூல நிரலும்

திறமூல நிரல் என்றால் என்ன என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நம் வீடுகளில் கோல நோட்டு இருக்கிறதல்லவா? அத்தையின் நோட்டிலிருந்து அம்மா எழுதிக்கொள்கிறார். அம்மாவின் நோட்டிலிருந்து நாம் எழுதிக்கொள்கிறோம். பதினைந்து புள்ளிக் கோலத்தை வாசலின் அளவுக்குத் தக்கபடி பதினொரு புள்ளியாகக் குறைக்கிறோம். ஓரத்தில் ஒரு தாமரையைச் சேர்க்கிறோம். யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. திறமூல நிரலும் ஏறத்தாழ இவ்வாறே. எழுதியவர் அதன் மூல வரிகளை மறைக்காமல் வெளியிடுகிறார். எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். கோல நோட்டுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. இவை எல்லாவற்றையும் அனுமதிக்கும் உரிமம் ஒன்று எழுத்திலேயே இருக்கும்.

இது ஏதோ சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தொடங்கிய லினக்ஸ் இத்தகையதே. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் இருப்பது லினக்ஸின் உட்கருவே. உலகின் மிக வேகமான 500 கணினிகள் என்று வெளியிடப்படும் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை யாவும் லினக்ஸில் இயங்குபவையே.

தோற்றுப்போன பென்குவின்

அவ்வளவு பெரிய லினக்ஸின் சின்னம் என்ன? தொப்பையும் தொந்தியுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பென்குவின். அதன் பெயர் டக்ஸ். சிங்கம், கழுகு, வாள், சக்கரம் என்று வீரம் காட்டும் சின்னங்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் டோர்வால்ட்ஸ் வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டார். வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு மனநிறைவோடு உட்கார்ந்திருக்கும் பறவையாக அது இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். ஆலன் காக்ஸ் என்ற நிரலாளரும் யோசனை கூறினார். 1996ஆம் ஆண்டில் லாரி யூயிங் என்பவர் அதை வரைந்து கொடுத்தார். அவர் வரைவதற்குப் பயன்படுத்திய ஜிம்ப் என்ற கருவியும் இரண்டு மாணவர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருளே. பொதுச் சொத்தின் சின்னம் பொதுச் சொத்தான தூரிகையாலேயே வரையப்பட்டது!

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. லினக்ஸுக்கு இலச்சினை தேர்ந்தெடுக்க அக்காலத்தில் மூன்று போட்டிகள் நடந்தன. அவற்றில் ஒன்றிலும் டக்ஸ் வெற்றி பெறவில்லை. வென்ற படங்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தோற்ற பென்குவினோ உலகம் முழுவதும் பரவிவிட்டது. மக்களுக்கு அதைப் பிடித்திருந்தது. அதைவிட முக்கியமாக, எடுத்துப் பயன்படுத்த அவர்களுக்கு உரிமை இருந்தது. படத்தை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், எவரேனும் கேட்டால் தம் பெயரையும் ஜிம்ப்பின் பெயரையும் சொன்னால் போதும் என்பதே யூயிங் விதித்த நிபந்தனை. எவ்வளவு அடக்கமான நிபந்தனை!

அந்த உரிமையினால் ஒரு நன்மையும் விளைந்தது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவில் மட்டுமே இயற்கையாக வாழும் 'தாஸ்மேனியன் டெவில்' என்ற விலங்கினம் ஒருவகை முகப் புற்றுநோயால் அழிந்துகொண்டிருந்தது. அதைப்பற்றி உலகுக்கு எடுத்துச் சொல்ல, 2009ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸின் ஒரு பதிப்பில் பென்குவினுக்குப் பதிலாக அந்த விலங்கைத் தற்காலிகமாக வைத்தார்கள். பென்குவினின் அலகைப் போன்ற ஒன்றை அதற்குக் கட்டிவிட்டு, 'டஸ்' என்றும் பெயரிட்டார்கள். ஒரு சின்னம் தன் இடத்தை ஒரு நோயாளிக்குச் சிறிது காலம் விட்டுக்கொடுத்தது. விற்பனைக்காக மட்டுமே உள்ள சின்னங்களில் இதை எளிதில் காண முடியுமா?

சின்னதாக இருக்கையிலும் தெரிய வேண்டும்

வரையத் தெரிந்த தோழியருக்காகச் சில வார்த்தைகள். சின்னம் என்பது சுவரில் மாட்டும் ஓவியம் அன்று. கணினித் திரையின் மூலையில் அது வரும்போது அதற்குக் கிடைக்கும் இடம் சில வேளைகளில் குறுக்கே 16 புள்ளிகள், நெடுக்கே 16 புள்ளிகள், ஆக 256 கட்டங்கள் மட்டுமே. கணக்கு நோட்டில் 16 கட்டம் எண்ணிச் சதுரம் போட்டு, அதற்குள் நம் பள்ளி மணிக்கூண்டை வரைந்து பாருங்கள். எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்பது உடனே புரிந்துவிடும்.

வண்ணத்தையும் நம்பக் கூடாது. இம்மலரின் உட்பக்கங்கள் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகின்றன. அலுவலகத்தில் எடுக்கும் நகலிலும் வண்ணம் வராது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்களும் உண்டு. எனவே முதலில் கறுப்பில் மட்டும் வரைந்து, அது நின்றால் பிறகு வண்ணம் தீட்டுவதே முறை. வரைந்ததைப் புள்ளிகளாகச் சேமித்தால் பெரிதாக்கும்போது ஓரங்கள் படிக்கட்டுப் போலாகிவிடும். கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமித்தால் பேனர் அளவுக்கு இழுத்தாலும் கூர்மை குறையாது. இதற்கென இன்க்ஸ்கேப் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் மீன் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டே வளைகோடுகள். படித்தவர், படிக்காதவர், ஆண்டை, அடிமை என்ற வேறுபாடின்றி எவரும் வரையலாம். 'இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்' என்ற கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் மீன் என்று பொருள்படும் சொல் வரும். உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் அம்மீன் இன்றும் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இரண்டு கோடுகள் போதுமானவையாக இருக்கின்றன. எளிமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கொம்பும் வாலும்

அடுத்துச் சொல்லப்போவது சற்றுச் சங்கடமான செய்தி. ஃப்ரீபிஎஸ்டி என்று புகழ்பெற்ற திறமூல இயங்குதளம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் அதன் சின்னமாக இருந்தது கொம்பும் வாலும் முக்கவர்ச் சூலமும் கொண்ட ஒரு சிறு சிவப்புச் சாத்தான்! காலில் கேன்வாஸ் காலணி வேறு. புகழ்பெற்ற வடிவத்தை வரைந்தவர், பின்னாளில் 1995இல் 'டாய் ஸ்டோரி' என்ற திரைப்படத்தை இயக்கிய ஜான் லாசெட்டர்.

கன்னியர் மடப் பள்ளியின் கணினியில் இப்படம் தோன்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் பின்னணியைக் கேட்டால் வியப்பாக இருக்கும். கணினியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓயாது வேலை செய்துகொண்டிருக்கும் நிரலுக்கு 'டீமன்' என்று பெயர். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தினர் இச்சொல்லை வழங்கத் தொடங்கினர். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற இயற்பியல் மேதை 1867இல் ஒரு கற்பனைச் சோதனையைக் கூறினார். அதில் வாயு மூலக்கூறுகளை வேகமானவை, மெதுவானவை எனப் பிரித்து, சிறு கதவைத் திறந்து மூடும் கற்பனை வேலையாள் ஒருவன் வருகிறான். பிற்காலத்தவர் அவனை 'மாக்ஸ்வெல்லின் டீமன்' என்றனர். எம்.ஐ.டி.யினர் எடுத்துக்கொண்டது அந்தப் பெயரையே. மாக்ஸ்வெல்லோ ஆழ்ந்த இறைப்பற்றுள்ள கிறிஸ்தவர். ஆகவே இதில் தீய நோக்கம் கடுகளவும் இல்லை.

ஆயினும் 2005ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தினர் புதிய இலச்சினைக்குப் போட்டி அறிவித்தனர். பழைய படத்தை வேறு சில இயங்குதளத்தினரும் பயன்படுத்தி வந்தனர். அலுவல் முறையான இடங்களுக்கு அது பொருந்தவில்லை. அளவை மாற்றினாலும் இரண்டு மூன்று வண்ணங்களில் அச்சடித்தாலும் அது சரியாக வரவில்லை. அன்றியும் அப்படத்தின் பதிப்புரிமை திட்டத்திடம் இல்லை. மார்ஷல் கிர்க் மெக்குசிக் என்ற நிரலாளரிடம் இருந்தது. போட்டியில் அன்டன் குரால் என்பவரின் படம் தேர்வாயிற்று. இரு சிறு கொம்புகள் கொண்ட ஒரு சிவப்புக் கோளம். அவ்வளவே. பழைய குட்டியை அவர்கள் விரட்டிவிடவில்லை. செல்லச் சின்னமாக அதை வைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து நான் இரண்டு பாடங்கள் படிக்கிறேன். முதலாவது, சின்னத்தின் கீழே அடிக்குறிப்பு எழுத முடியாது. வரைந்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பதைவிடப் பார்ப்பவர் கண்ணில் என்ன படுகிறது என்பதே அதன் பொருளாகிவிடுகிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. சுவிட்சர்லாந்துக் கொடியின் வண்ணங்களை மாற்றி அமைத்து 1860களில் செஞ்சிலுவையை ஏற்றனர். ஆனால் 1876இல் ரஷ்யாவுடன் மோதல் வந்தபோது துருக்கியர், சிலுவை தம் வீரர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்று கூறிச் செம்பிறையைப் பயன்படுத்தினர். இறுதியில் 2005இல் எம்மதத்தையும் நினைவூட்டாத செம்படிகம் என்ற மூன்றாவது சின்னமும் ஏற்கப்பட்டது. நமக்குச் சிலுவை அன்பின் அடையாளம். பிறருக்கு அது வேறொன்றாகத் தோன்றினால் அவர்கள் பகைவராகிவிடுவார்களா? இரண்டாவது பாடம் பார்ப்பவருக்கு உரியது. கொம்பைக் கண்டதும் கூச்சலிடும் முன் "இது ஏன் வந்தது?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். கேட்டால் ஒரு பேயும் இல்லை, ஓர் இயற்பியல் பாடமே இருந்தது!

இலவசம் வேறு, கையெழுத்து வேறு

"நிரலே இலவசம் என்றால் சின்னமும் இலவசமாகத்தானே இருக்க வேண்டும்?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. பெரியவர்களையே சண்டை பிடிக்க வைத்த கேள்வியும் இதுதான்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நம்மில் பலர் அறிவோம். அதன் மூல வரிகள் யாருக்கும் திறந்தவை. ஆனால் பெயரும் நரிச் சின்னமும் மொசில்லா அமைப்பின் வணிகக் குறிகள். டெபியன் என்ற திறமூல இயங்குதளத்தினர், சின்னப் படத்தின் உரிமம் தங்கள் கொள்கைப்படி கட்டற்றதாக இல்லை என்று கூறி, படத்தை நீக்கிவிட்டு உலாவியை மட்டும் வழங்கினர். படம் இல்லாமல் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது மொசில்லா. 2006இல் டெபியனார் பெயரையே மாற்றி 'ஐஸ்வீசல்' என்று வைத்துவிட்டனர். நெருப்புக்குப் பதில் பனிக்கட்டி, நரிக்குப் பதில் மரநாய்! பத்து ஆண்டுகள் கழித்து 2016இல்தான் சமாதானம் ஏற்பட்டது. இதே போன்ற வேறொரு சம்பவமும் உண்டு. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் அறக்கட்டளை, பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதற்கு 2023இல் கடுமையான வரைவு விதிகளை வெளியிட்டது. அம்மொழியை நேசித்தவர்களே எதிர்த்து எழுந்தனர். அறக்கட்டளை வரைவைத் திருத்த முன்வந்தது.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கோலத்தை யாரும் போடலாம்; ஆனால் என் கையெழுத்தை யாரும் போடக் கூடாதல்லவா? எவனோ ஒருவன் நிரலுக்குள் திருட்டு வரிகளைச் சேர்த்து, அதே பெயரும் அதே சின்னமும் ஒட்டி விநியோகித்தால் ஏமாறுவது அப்பாவிகளே. செஞ்சிலுவை உலகத்தார் அனைவருக்கும் சேவை செய்வது. ஆயினும் அதை யாரும் விருப்பம்போல் கடைப் பலகையில் தீட்டிக்கொள்ள முடியாது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடுக்கிறது. காயம்பட்டவன் அச்சின்னத்தை நம்பி வருகிறான். அந்த நம்பிக்கைக்காகவே காவல்.

அதே நேரத்தில், அன்போடு சட்டையில் வரைந்துகொள்ள விரும்பும் ஒரு சிறுமியை வக்கீல் நோட்டீசால் மிரட்டுவது திறமூலத்தின் ஆவிக்கே முரணாகும். டெபியனார் இதற்கு ஓர் அழகிய வழி கண்டனர். இரண்டு சின்னங்கள் வைத்துக்கொண்டனர். சிவப்புச் சுழி ஒன்று, எல்லோரும் பயன்படுத்த. குப்பி ஒன்றிலிருந்து அச்சுழி எழுவது போன்ற மற்றொன்று, டெபியனின் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும். கோ என்ற நிரல்மொழியும் ஏறக்குறைய இப்படியே. ரெனே ஃபிரெஞ்ச் என்ற ஓவியப் பெண்மணி வரைந்த நீலநிற 'கோஃபர்' என்ற வளைதோண்டும் விலங்கை, அவர் பெயரைச் சொல்லி எவரும் எடுத்து விதவிதமாக வரையலாம். மொழியின் முறையான இலச்சினை தனி. ரஸ்ட் மொழியின் அன்பர்கள் கொண்டாடும் 'ஃபெரிஸ்' என்ற நண்டை வரைந்த கேரன் ரஸ்டாட் தோல்வா என்ற பெண்மணியோ, எந்த நிபந்தனையுமின்றிப் பொதுவுக்கே விட்டுவிட்டார். வீட்டுக்கு முன்கதவும் வேண்டும், திண்ணையும் வேண்டும். கதவைப் பூட்டலாம், திண்ணையில் யாரும் உட்காரலாம்.

போட்டி வேண்டுமா?

இனிப் போட்டியைப் பற்றி. இதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

நிரல் எழுதும்போது நாம் போட்டி வைத்தோமா? நாற்பது மாணவியரை நாற்பது நிரல் எழுதச் சொல்லி, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற முப்பத்தொன்பதையும் குப்பையில் போட்டோமா? இல்லையே! ஒருத்தி தொடங்கினாள், இன்னொருத்தி பிழை கண்டாள், மூன்றாமவள் தமிழில் தேடும் வசதியைச் சேர்த்தாள். அதுதான் திறமூல முறை. அப்படியிருக்க, படம் என்று வந்ததும் மட்டும் அந்த முறையை ஏன் கைவிடுகிறோம்?

காரணம் ஒன்றே. நிரல் எழுதுவது வேலை, வரைவது விளையாட்டு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். "சும்மா ஒரு படம் வரைந்து கொடு" என்ற சொற்றொடரை வரையத் தெரிந்த ஒவ்வொரு பெண்ணும் எத்தனை முறை கேட்டிருப்பாள்! கண்காட்சி அட்டையும், ஆண்டு விழா வரவேற்புப் பலகையும் இரவில் கண்விழித்து வரையப்பட்டவையே. சும்மா வந்தவை அல்ல.

போட்டியால் நல்ல சின்னம் கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. ஃப்ரீபிஎஸ்டிக்குக் கிடைத்தது. மைசீக்குவல் என்ற தரவுத்தள மென்பொருளின் டால்பினுக்குப் பெயரிட வைத்த போட்டியில், ஆப்பிரிக்காவின் சுவாசிலாந்தைச் சேர்ந்த ஒரு நிரலாளர் அனுப்பிய 'சக்கிலா' என்ற பெயர் தேர்வாயிற்று. தொலைதூரத்தில் இருப்பவருக்கும் கதவைத் திறப்பது போட்டியின் சிறப்பு. ஆனால் நாம் ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள். நமக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் சின்னமே ஒருவர் வரைந்த குறிப்புப் படத்தை வைத்து மற்றொருவர் மெருகேற்றி உருவானது. பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் யானையும் ஒரு பரிசுக்காகப் பிறந்ததில்லை. வின்சென்ட் போன்டியே என்பவர் 1998இல் அந்த மூன்று ஆங்கில எழுத்துக்களைக் காகிதத்தில் எழுதிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது அவர் கண்ணுக்கு ஒரு யானை தெரிந்தது. அவ்வளவுதான்!

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

பள்ளிச் சின்னத்தை ஏன் வைக்கக் கூடாது என்பது இப்போது விளங்கும். நம் நிரலை யாரும் மாற்றலாம் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். நாளை எங்கோ ஒருவர் அதைத் தவறாக மாற்றி, ஒரு பள்ளியின் நூலகக் கணக்கே குழம்பினால், அத்திரையில் நம் பள்ளிச் சின்னம் இருக்கலாமா? நாம் செய்யாத வேலைக்கு நம் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுக் கொடுத்ததாகும் அது.

புனிதரின் படத்தைப் பற்றியும் இதே அன்போடு சொல்கிறேன். கார்லோ அக்குத்திஸ் 2006 அக்டோபர் 12ஆம் நாள் இறைவனடி சேர்ந்தபோது அவருக்கு வயது 15. என் வயது. நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்துக் கணினியில் தந்த அவரை, 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்தினார். அவர் நம் மன்றத்தின் பாதுகாவலராக இருக்கட்டும். மன்ற அறையில் அவர் படம் இருக்கட்டும். ஆனால் 16 புள்ளிச் சதுரத்தில் ஒரு புனிதரின் முகம் வெறும் கறையாகிவிடும். மாற்றலாம் என்ற உரிமத்தோடு போகும் படத்துக்கு யார் மீசை வரைவார், யார் கேலி எழுதுவார் என்று நமக்குத் தெரியாது. வணங்க வேண்டியதை வழியில் வைக்கலாமா? மேலும் இந்நிரலை எழுதியவர்களில் இந்து, இஸ்லாமியத் தோழியரும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையின் முகமாகவும் அச்சின்னம் இருக்க வேண்டும்.

என் யோசனை இது. வரையத் தெரிந்த இருவரும் நிரல் எழுதிய இருவரும் அடங்கிய ஒரு சிறு குழு அமையட்டும். கட்டம் போட்ட தாளில், கறுப்பு மையில் தொடங்கட்டும். ஒவ்வொரு வாரமும் வரைந்ததை நூலக வாசலில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிடட்டும். ஆறாம் வகுப்புத் தங்கைகளும், கன்னியரும், நூலகர் அம்மாவும், தோட்டக்கார ஐயாவும் "இது எனக்கு இப்படித் தெரிகிறது" என்று எழுதட்டும். ஒருவருக்கு மனம் புண்படுமானால் அச்சடித்த பின்பு அல்ல, அங்கேயே தெரிந்துவிடும். முடிவான படத்தோடு, கழிக்கப்பட்ட படங்களையும் நிரலோடு சேர்த்து வைக்க வேண்டும். எழுதியவர் பட்டியலிலேயே வரைந்தவர் பெயர்களும் இடம்பெற வேண்டும். 'உதவி' என்ற தலைப்பில் அல்ல, அதே வரிசையில். படத்தை யாரும் பயன்படுத்தலாம், வரைந்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்று உரிமம் எழுதலாம். ஆனால் மாற்றிய நிரலுக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

என்ன படம் என்கிறீர்களா? அது குழுவின் பொறுப்பு. ஆனாலும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். புத்தகத்துக்குள் மயிலிறகை வைத்தால் குட்டி போடும் என்று நம்பி, நாம் எல்லோரும் ஒரு காலத்தில் வைத்தவர்கள்தாமே? புத்தகத்தோடு தொடர்புடையது; ஒரு தண்டும் ஒரு கண்ணும் போதும், கறுப்பிலும் தெரியும்; ஒன்று பலவாகும் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. திறமூல நிரல் அப்படிப் பெருகுவதற்கென்றே எழுதப்படுவது. மயிலிறகு சிலருக்கு முருகனையும் கண்ணனையும் நினைவூட்டும் என்பதை அறிவேன். அதனால் யாருக்கேனும் தயக்கம் உண்டா என்பதை நான் முடிவு செய்யப் போவதில்லை. நூலக வாசலில் தொங்கும் பென்சில் சொல்லட்டும்.

அன்புத் தோழியரே! நம் முதல் நிரல் இன்னும் சில மாதங்களில் நமக்குத் தெரியாத ஊர்களுக்குப் போகலாம். அதைத் திறப்பவர்கள் நம்மைப் பார்க்கப் போவதில்லை. நம் பெயரைக்கூடப் படிக்காமல் போகலாம். அந்தச் சிறு சதுரத்தை மட்டும் தினமும் பார்ப்பார்கள். வெற்றி பெற்ற ஒருத்தியின் பரிசுப் படம் அங்கே இருப்பதைவிட, பலர் கூடி வரைந்த ஒரு கோடு இருந்தால் அது நம் நிரலைப் பற்றிய உண்மையைச் சொல்லும். பலர் சேர்ந்து செய்தோம், யாவர்க்கும் கொடுத்தோம் என்பதே அந்த உண்மை.